கஞ்சாவும் ஞாபகமும்: கேட்டதும் சொன்னதும்

எலி மூளையிலிருந்து ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதியை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிசாக வெட்டி, ஆக்சிஜன் கலந்த உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து, மின்முனையைச் செருகி நரம்பு செல்கள் பேசுவதைப் பதிவு செய்வதுதான் ஒன்பது வருஷமாக என் வேலை. அதில் பாதிக்கு மேல் கன்னபினாய்டு பற்றியது, அதாவது கஞ்சாவில் இருக்கும் பொருள்களும் அவற்றைப் போல வேலை செய்பவையும். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எங்கே கிடைக்கும் என்று கேட்ட மூன்று பேருக்கு: ஆள் மாறி வந்துவிட்டீர்கள்.

கேள்வி: என் நண்பன் கஞ்சா அடித்துவிட்டுப் பேசினால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் எங்கே ஆரம்பித்தோம் என்பதை மறந்துவிடுகிறான். ஆனால் பத்து வருஷத்துக்கு முந்தைய கதையைப் பிசகாமல் சொல்கிறான். இது எப்படி?

உங்கள் நண்பனைப் பார்த்தே பாடம் நடத்தலாம். ஞாபகம் என்பது ஒரே வேலை இல்லை. புதிதாக ஒன்றைப் பதிய வைப்பது ஒரு வேலை, பதிந்ததைக் காப்பது இன்னொன்று, வேண்டும்போது எடுப்பது மூன்றாவது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி பெரிதும் கை வைப்பது முதல் வேலையில். போதைக்கு முன்னால் மனப்பாடம் செய்த சொற்பட்டியலை ஆட்கள் ஓரளவு சரியாகவே ஒப்பிப்பார்கள், போதையில் கேட்ட பட்டியலில்தான் ஓட்டை விழும். அதோடு, சில வினாடிகள் மட்டும் மனதில் பிடித்து வைக்கிற தற்காலிக ஞாபகமும் நழுவுகிறது, வாக்கியத்தின் ஆரம்பம் காணாமல் போவது அதனால்தான்.

மறதியைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. போதையில் இருப்பவர்கள் நடக்காததையும் நடந்ததாகச் சொல்வது கூடுகிறது, 2020-ல் வந்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகவே காட்டியது. சாட்சி சொல்பவர் போதையில் இருந்தாரா என்பது அற்ப விஷயம் இல்லை.

கேள்வி: ஏதோ ஒரு செடியில் இருக்கும் பொருளுக்கு நம் மூளையில் எதற்கு ஏற்பி இருக்க வேண்டும்?

செடிக்காக இல்லை. இந்தக் கதை தலைகீழாக நடந்தது. 1964-ல் மெக்கூலமும் கவோனியும் டிஎச்சியைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். 1988-ல் ஆலின் ஹவுலெட்டின் குழு எலி மூளையில் அது போய் ஒட்டும் இடத்தை, அதாவது ஏற்பியை, கண்டுபிடித்தது, சிபி1 என்று பெயர். பூட்டு இருந்தால் மூளைக்குச் சொந்தமாகச் சாவியும் இருக்க வேண்டும் இல்லையா? தேடினார்கள், 1992-ல் கிடைத்தது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள், ஆமாம், நம்முடைய ஆனந்தம்தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது. மூன்று வருஷம் கழித்து 2-ஏஜி என்ற இன்னொன்றும் வந்தது, மூளையில் அளவில் அதிகம் இருப்பது இதுதான். ஆக, வீட்டுச்சாவி முதலில் இருந்தது. செடியின் சாவி தற்செயலாக அதே பூட்டில் நுழைகிறது.

கேள்வி: அக்கா, நான் உயிரியல் மாணவன். சினாப்ஸ் மட்டத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

தம்பி, இதைக் கேட்கமாட்டீர்களா என்றுதான் காத்திருந்தேன்.

வழக்கமாக நரம்புச் செய்தி ஒரு திசையில்தான் போகும். முதல் செல் வேதிப்பொருளை விடும், இரண்டாவது செல் வாங்கிக்கொள்ளும், இரண்டும் சந்திக்கும் இந்த இடம்தான் சினாப்ஸ். மூளையின் சொந்தக் கன்னபினாய்டு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. வாங்குகிற செல் மிகவும் தூண்டப்பட்டால் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே 2-ஏஜியைத் தயாரிக்கிறது. மற்ற வேதிப்பொருள்களைப் போல முன்கூட்டிச் சேர்த்து வைப்பதில்லை. அது பின்னோக்கிப் போய், அனுப்புகிற செல்லின் நுனியில் இருக்கும் சிபி1-ல் ஒட்டி, கால்சியம் உள்ளே வரும் வழியை அடைக்கிறது. கால்சியம் வராவிட்டால் வேதிப்பொருள் வெளியே போகாது. கேட்பவன் பேசுபவனைப் பார்த்து "போதும், கொஞ்சம் மெதுவாக" என்று கை காட்டுவது மாதிரி. உடனே எம்ஏஜிஎல் என்ற நொதி வந்து 2-ஏஜியை உடைத்துவிடும், சில வினாடிகளில் எல்லாம் பழையபடி. இதை 2001-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. முதல் தடவை என் திரையில் அந்த வரைகோடு சட்டென்று படுத்து மெல்ல எழுந்ததைப் பார்த்தபோது பக்கத்து மேஜைக்காரரை எழுப்பிக் காட்டினேன்.

இப்போது டிஎச்சி வருகிறது. அதற்கு எந்த சினாப்ஸ் கை காட்டியது, எது காட்டவில்லை என்பதெல்லாம் தெரியாது. சிபி1 இருக்கிற இடமெல்லாம் ஒரே நேரத்தில் போய் ஒட்டும், மணிக்கணக்கில் நிற்கும். ஹிப்போகாம்பஸில் சிபி1 குவிந்து கிடக்கிறது, அதிலும் தடுப்புச் செல்களில் ஒரு வகையின் நுனியில் மிக அதிகம், தூண்டும் செல்களில் குறைவு. அதனால் பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டுமே ஒன்றாகத் தளர்கின்றன. சினாப்ஸ் நீண்ட காலத்துக்கு வலுவாவதுதான் கற்றலின் அடித்தளம், அந்த வலுவாதலும் குறைகிறது.

என்னை உண்மையிலேயே அசத்தியது 2006-ல் வந்த எலி ஆய்வு. கன்னபினாய்டு கொடுத்த பிறகும் ஹிப்போகாம்பஸ் செல்கள் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே சுடுகின்றன, அதாவது மின்துடிப்பு விடுகின்றன. ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து சுடுவது கலைந்துவிடுகிறது. பாடகர்கள் அத்தனை பேரும் பாடுகிறார்கள், சுருதியும் சரி, தாளம்தான் ஆளுக்கொரு பக்கம். தாளம் எவ்வளவு கலைந்ததோ அவ்வளவு அந்த எலிகளின் ஞாபகமும் கெட்டது. ஆகையால் "கஞ்சா மூளையை மந்தமாக்குகிறது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பாதிதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. மந்தம் இல்லை, நேரம் தப்புகிறது.

அப்புறம், நரம்பு செல்லோடு கதை முடியவில்லை. 2012-ல் ஒரு குழு, ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களில் மட்டும் சிபி1 இல்லாத எலிகளை உருவாக்கி டிஎச்சி கொடுத்துப் பார்த்தது. இடத்தை ஞாபகம் வைக்கும் சோதனையில் அவை தடுமாறவே இல்லை. நரம்பு செல்களில் சிபி1 இல்லாத எலிகளோ வழக்கம்போலத் தடுமாறின! 2016-ல் இன்னொரு திருப்பம்: செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவிலேயே சிபி1 இருக்கிறது, ஹிப்போகாம்பஸில் அதை நீக்கினால் கன்னபினாய்டு தரும் மறதியும் வரவில்லை. எந்தச் சோதனையில் எந்த வகை ஞாபகத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துக் குற்றவாளி மாறுகிறார்.

கேள்வி: மூளை செல்கள் செத்துப்போகும் என்கிறார்களே?

நாலைந்து மணி நேரத்தில் வந்து போகிற மறதிக்கு செல் சாக வேண்டியதில்லை. செத்த செல் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்கு வராது.

கேள்வி: பகலில் படிக்கிறேன், ராத்திரி மட்டும்தான் அடிக்கிறேன். படிப்புக்குப் பாதிப்பு இருக்காதே?

இந்தக் கேள்வி ஒன்பது பேரிடமிருந்து வந்தது, ஒன்பது பேரும் "இருக்காதே" என்றுதான் முடித்திருந்தீர்கள்.

பகலில் படித்ததை மூளை ராத்திரியில்தான் அடுக்குகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் ஹிப்போகாம்பஸ் அன்றைய அனுபவத்தை வேக வேகமாகத் திரும்ப ஓட்டிப் பார்க்கும், அப்போது சிற்றலை போன்ற மின்னலைகள் தெரியும். முன்னே சொன்ன 2006 ஆய்வில் கன்னபினாய்டு கொடுத்த எலிகளில் இந்தச் சிற்றலைகளும் வலுவிழந்தன. கனவுத் தூக்கத்தையும் டிஎச்சி குறைக்கிறது. போதாக்குறைக்கு அது கொழுப்பில் கரைவது, உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், தினமும் அடிப்பவருக்குக் காலையில் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை.

போதையில் படித்துவிட்டுப் போதையிலேயே பரீட்சை எழுதினால் ஈடுகட்டலாமா என்று ஒருவர் துணைக்கேள்வி போட்டிருக்கிறார். கற்ற நிலையிலேயே நினைவுகூர்ந்தால் கொஞ்சம் கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே போனதே குறைவு என்றால் எந்த நிலையில் தேடினாலும் அவ்வளவுதான் கிடைக்கும்.

கேள்வி: மேடம், என் மகனுக்கு 17 வயது. ஒரு வருஷமாக அடிக்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. அறிவுத்திறன் 8 புள்ளி குறையும், திரும்ப வராது என்று படித்துவிட்டுத் தூக்கமே இல்லை. உண்மையா?

அம்மா, அந்த 8 எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். 13 வயதிலும் 38 வயதிலும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள், முடிவு 2012-ல் வெளியானது. பதின்வயதில் ஆரம்பித்து, அடிமையாகி, பல வருஷம் விடாமல் தொடர்ந்தவர்களிடம்தான் சராசரியாக 8 புள்ளி வரை இறக்கம். வளர்ந்த பிறகு ஆரம்பித்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. அடுத்த வருஷமே, குடும்பச் சூழலும் வசதியும் இதில் கலந்திருக்கலாமே என்று மறுப்பு வந்தது. 2016-ல் இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது, அடித்த இரட்டையருக்கு அடிக்காத இரட்டையரைவிட அதிக இறக்கம் இல்லை. எனவே ஒரு வருஷம் அடித்த பையனின் தலையில் அந்த எண்ணை ஒட்ட வேண்டாம்.

அதற்காக 17 வயதில் பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை தன்னைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது, தேவையில்லாத சினாப்ஸ்களைக் கழிக்கிறது, அந்த வேலையில் மூளையின் சொந்தக் கன்னபினாய்டுகளுக்கும் பங்கு உண்டு. அந்த நேரத்தில் வெளியாள் உள்ளே புகுந்து கை காட்டுவது நல்லதில்லை. அவனிடம் 8 புள்ளி என்று பயமுறுத்தினால் இணையத்தில் அந்த மறுப்பைத் தேடிக்கொண்டு வந்து உங்களிடமே காட்டுவான். ஒரு மாதம் நிறுத்திப் பார், வித்தியாசம் உனக்கே தெரிகிறதா சொல் என்று கேட்டுப் பாருங்கள். ஏன் ஒரு மாதம் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. விட முடியவில்லை, தூக்கமில்லை, எரிந்து விழுகிறான், தனக்கு மட்டும் ஏதோ குரல் கேட்பதாகச் சொல்கிறான் என்றால் மனநல மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நிறுத்தினால் ஞாபகம் திரும்புமா? எத்தனை நாளில்?

பெரும்பாலும் திரும்புகிறது, நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே. தினமும் அடிப்பவர் மூளையில் சிபி1 ஏற்பிகள் குறைந்துவிடும், மூளை சத்தம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. நிறுத்தி இரண்டு நாளிலேயே அவை மீள ஆரம்பிப்பதையும், சுமார் 4 வாரத்தில் பயன்படுத்தாதவர்களின் அளவை நெருங்குவதையும் மூளைப் படங்கள் காட்டின. 2018-ல் 16 முதல் 25 வயதுக்காரர்களை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள்: சொற்களைக் கற்கும் திறன் ஏறியது, அதுவும் முதல் வாரத்திலேயே. கவனத்தில் மட்டும் அப்படி ஏற்றம் இல்லை. அதே வருஷம் 69 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 72 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியவர்களிடம் குறை கணக்கில் எடுக்க முடியாத அளவுக்குச் சுருங்கியிருந்தது.

கேள்வி: சிபிடி சேர்ந்திருந்தால் டிஎச்சியின் கெடுதலை முறித்துவிடுமாமே?

சிபிடி என்பது கஞ்சாவிலேயே இருக்கும், போதை தராத இன்னொரு பொருள். சில ஆய்வுகள் ஆம் என்றன, 2022-ல் கவனமாகச் செய்த ஒன்று இல்லை என்றது. நான் நம்பி இறங்கமாட்டேன். சிபிடிக்கு உறுதியான இடம் சில அரிய வலிப்பு நோய்களில் இருக்கிறது.

கேள்வி: சிபி1-ஐ மருந்து கொடுத்து அடைத்துவிட்டால் ஞாபக சக்தி கூடுமா?

அடைத்துப் பார்த்தாயிற்று. ரிமோனபன்ட் என்ற மருந்து 2006-ல் ஐரோப்பாவில் உடல் எடை குறைக்க வந்தது, சிபி1-ஐ அடைக்கும். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுவதைப் பார்த்து 2008-ல் நிறுத்தினார்கள். ஏன் என்பதற்கு ஒரு குறிப்பு எலியில் இருக்கிறது: சிபி1 இல்லாத எலிக்கு ஒரு ஒலியையும் அதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஒலிக்குப் பயப்பட நன்றாகவே கற்றுக்கொள்கிறது. பிறகு எத்தனை முறை அதிர்ச்சியில்லாமல் ஒலியை மட்டும் கேட்கவைத்தாலும் அந்தப் பயம் சரியாகத் தணியவில்லை. பழைய பயத்தை விடுவதும் ஞாபகத்தின் வேலைதான், அதற்கு இந்த ஏற்பி வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய். கொஞ்சம் டிஎச்சி கொடுத்தால் வயதான மூளை இளமையாகும் என்று செய்தி பார்த்தேன்.

2017-ல் வந்தது, நல்ல ஆய்வு, ஆனால் எலியில். 28 நாள் மிகக் குறைந்த அளவு கொடுத்ததில் கிழட்டு எலிகள் கற்றலில் இளம் எலிகளை எட்டிப் பிடித்தன, அதே அளவில் இளம் எலிகள் பின்தங்கின. உங்கள் அப்பா எலி இல்லை. தலைசுற்றி விழுந்து இடுப்பு உடைந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? அவருடைய மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் வேண்டாம்.

கேள்வி: நீங்கள் எப்போதாவது?

இல்லை. எலிக்குத்தான் கொடுத்திருக்கிறோம். நீர்த்தொட்டியில் தண்ணீருக்கடியில் ஒரு சின்ன மேடை இருக்கும், தினமும் இடம் மாற்றுவோம். ஒரு தடவை கண்டுபிடித்த மேடையை அரை நிமிஷம் கழித்து மறுபடி தேட வேண்டும். டிஎச்சி போட்ட எலி தயக்கமே இல்லாமல் நேராக நீந்தியது, நேற்று மேடை இருந்த இடத்துக்கு.