பெல்லட் அடுப்பின் குழாய் 230 காட்டினால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: "அண்ணா, கனடாவில் பீற்றர்பரோவுக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கினோம். நிலவறையில் மரத்துகள் பெல்லட் போட்டு எரிக்கும் அடுப்பு ஒன்று இருக்கிறது. வெப்பம் பார்க்கும் துப்பாக்கி வாங்கி அடித்துப் பார்த்தால், அடுப்புக்குப் பின்னால் குழாய் தொடங்கும் இடத்தில் 230, முன் கண்ணாடியில் 480 காட்டுகிறது. பயத்தில் நாள் முழுக்க ஆகக் குறைந்த சூட்டிலேயே ஓட விடுகிறோம். எத்தனை டிகிரி வரை பாதுகாப்பு?"

தங்கச்சி, முதலில் அந்தத் துப்பாக்கியின் திரை ஓரத்தில் 'சி' இருக்கிறதா 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் என்றுதான் இருக்கும், ஏனென்றால் குறைந்த சூட்டில் எரியும் அடுப்பின் கண்ணாடி 480 செல்சியஸுக்கு ஏறாது. நாம் குளிரை செல்சியஸில் கதைக்கிறோம், அடுப்போடு வரும் கையேடோ பாரன்ஹீட்டில் பேசும், இந்தக் குழப்பம் எனக்குப் பழகிப்போனது. 230 பாரன்ஹீட் என்றால் 110 செல்சியஸ், 480 என்றால் 250க்குக் கிட்ட. இரண்டுமே சாதாரணம். அந்தக் கண்ணாடி செரமிக் வகை, 700 செல்சியஸையும் தாங்கும். பெல்லட் அடுப்புக்கென்று வரும் இரட்டைச் சுவர்க் குழாய் 570 பாரன்ஹீட் வரைக்குமான புகைக்குத் தரம் பார்க்கப்பட்டது.

ஒன்று மட்டும். இந்தத் துப்பாக்கிகள் பளபளப்பான உலோகத்தில் அடித்தால் பொய் சொல்லும், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அடுப்பு ஆறியிருக்கும்போது அளக்கும் இடத்தில் ஒரு ரூனி, அதாவது இரண்டு டொலர் காசு அளவுக்கு, சூடு தாங்கும் மங்கல் கறுப்பு அடுப்புப் பெயின்ற் பூசி, காய்ந்த பிறகு எப்போதும் அதிலேயே அடியுங்கள். பெயின்ற் முதல் தடவை சூடாகும்போது கொஞ்சம் மணக்கும், ஜன்னலைத் திறந்து விட்டால் போதும்.

உண்மையில் எனக்குப் பயம் தருவது 230 இல்லை, நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் ஓட விடுவதுதான். தீ மந்தமாக எரிந்தால் பெல்லட் முழுதாக எரியாது, கரி படியும், குழாய் குளிர்ந்து கிடப்பதால் புகையில் இருக்கும் ஈரம் உள்ளேயே வடியும், அந்த ஈரத்தில் கரியும் சாம்பலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு காற்றோட்டம் குறைந்து தீ இன்னும் மந்தமாகும். காலையில் துடைத்த கண்ணாடி மத்தியானத்துக்குள் கறுத்து, தீ செம்மஞ்சளாக நீண்டு சோம்பலாக ஆடினால், இதுதான் நடக்கிறது. நல்ல தீ குட்டையாக, வெளிர் மஞ்சளாக, துடிப்பாக நிற்கும். நடுத்தரச் சூட்டுக்கு ஏற்றுங்கள். அறை அளவுக்கு மேல் சூடானால் நிறுத்திவிட்டுப் பிறகு மூட்டுவது, குறைத்தே வைத்திருப்பதைவிட நல்லது.

அப்படியானால் எந்தச் சூட்டுக்குப் பயப்பட வேண்டும்? சுவருக்கு. மரமோ மரச்சட்டத்தில் அடித்த பலகையோ மாதக்கணக்கில் சூடு வாங்கினால் உள்ளுக்குள் காய்ந்து மெல்லக் கரியாகும், அப்புறம் முன்பு பற்றாத சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அதனால் சுவர் 77 செல்சியஸை, அதாவது 170 பாரன்ஹீட்டைத் தாண்டவே விடாதீர்கள். குழாய்க்கும் சுவருக்கும் எத்தனை அங்குலம் என்று குழாயிலேயே அச்சிட்டிருக்கும், பழைய குழாய்களில் 3 அங்குலம் என்று இருக்கும்.

அடுத்தது பெல்லட் கொட்டும் பெட்டி. அதன் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடென்றால் நிறுத்துங்கள், தீ பின்பக்கமாக ஏற வழி தேடுகிறது. மூடியின் ரப்பர், கதவு விளிம்பில் காற்றை அடைக்கும் கயிறு இரண்டையும் சோதியுங்கள். கதவுக்குள் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். காசுத்தாளால் பார்க்கச் சொல்வார்கள், ஆனால் கனடாக் காசு இப்போது பிளாஸ்ரிக், சூடான அடுப்பில் அந்த வேலை பார்த்து ஐந்து டொலரை உருக்கின ஆள் நான். ஆறின அடுப்பில் சாதாரண வெள்ளைத் தாள் போதும்.

அடுப்புக்குள் காசு அளவில் வட்டமான சூட்டு சுவிட்சுகள் இருக்கும். ஒன்று 45, 50 செல்சியஸில் "தீ பிடித்துவிட்டது" என்று சொல்லும். இன்னொன்று அளவு மீறினால் பெல்லட் விழுவதை நிறுத்தும், பல அடுப்புகளில் அது 120 செல்சியஸ் அளவில். சிலவற்றில் நடுவே சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் திரும்ப ஓடும். ஒரு தடவை அழுத்தலாம். இரண்டாம் தடவையும் அடுப்பு நின்றால் காரணத்தைத் தேடுங்கள். அந்தச் சுவிட்சுக்குப் போகும் இரண்டு கம்பியையும் நேரே முறுக்கி இணைத்து "சரி பண்ணி" வைத்திருந்த ஒரு வீட்டைப் போன பனிக்காலத்தில் பார்த்தேன். விசிறி நின்றுபோயிருந்தது, பெல்லட் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

எது நடந்தாலும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் புகையை வெளியே தள்ளும் விசிறியும் நிற்கும், புகை வீட்டுக்குள் வரும். நிறுத்தும் பொத்தானை அழுத்தி, விசிறி தானாக அடங்கும்வரை விடுங்கள். கரண்ட் போனாலும் இதே கதைதான், அதனால் பற்றரியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் அலாரம் வேண்டும். ஒன்ராறியோவில் படுக்கையறைக்குப் பக்கத்தில் அது சட்டப்படியே கட்டாயம். வீடு பழையது என்கிறீர்கள், ஒருமுறை விறகு அடுப்புகளைச் சோதிக்கும் 'வெட்' (WETT) சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், வீட்டுக் காப்புறுதிக்காரரும் அதைத்தான் கேட்பார்கள்.

பிறகு ஒரு வேலை. அடுப்பையும் குழாயையும் நன்றாகத் துப்புரவாக்கி, நடுத்தரச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அந்தக் கறுப்புப் பொட்டில் அளந்து, எண்ணை ஒரு மட்டையில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நிலையில் அளந்து பாருங்கள். எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால், வெப்பத்தை அறைக்குத் தரும் குழல்களில் சாம்பல் மூடியிருக்கிறது, நீங்கள் காசு கொடுத்து வாங்கின சூடு புகையோடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்குச் சாம்பலைச் சுரண்டுங்கள்.