என்பிஏ பிளேஆஃப் சுற்றில் ஏழு ஆட்டத் தொடர் எதற்கு?
வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏயில் ஒவ்வோர் அணியும் வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்களை ஆடி முடித்தபின், 16 அணிகள் மோதும் வெளியேற்றுச் சுற்றுகளே பிளேஆஃப். அதில் ஒவ்வொரு சுற்றிலும் அதிகபட்சம் ஏழு ஆட்டங்களில் எதிரணியை முதலில் நான்கு முறை வெல்லும் அணியே அடுத்த சுற்றுக்குப் போகும். தொலைவிலிருந்து எறியும் பந்துகள் ஏதோ ஓர் இரவில் வரிசையாக வளையத்தில் விழுந்துவிட்டால் பலவீனமான அணியும் வென்றுவிடும் என்பதால்தான் இத்தனை நீண்ட தொடர்; ஒரே கேள்வியைக் கேட்டு மாணவரை எடைபோடாமல் முழு வினாத்தாளையும் கொடுப்பதைப் போன்றது இது. பருவத்தில் முந்திய அணிக்கு, முதல் இரண்டு ஆட்டங்களும் தேவைப்பட்டால் ஏழாவதும் சொந்த அரங்கில் நடக்கும் என்பதே சலுகை.

பருவ வெற்றிகள் பிளேஆஃபிலும் கணக்கில் சேரும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். 2015-16 பருவத்தில் 73 வெற்றிகளுடன் சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், இறுதித் தொடரில் 3-1 என முன்னிலை பெற்றும், கிளீவ்லாந்து கேவலியர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில், அதுவும் சொந்த அரங்கிலேயே, 93-89 எனத் தோற்றது.