விரிசல் விட்ட துப்பாக்கிக் கட்டையை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: தந்தைக்குப் பின் உரிமம் பெற்று நான் வைத்திருப்பது லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் அமைப்பிலான பழைய .315 ரைஃபிள். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றபோது, தோளில் பொருத்தும் பின்கட்டையின் கழுத்தில், அதாவது கை பிடிக்கும் மெலிந்த பகுதியில், மூன்று விரல் நீள விரிசல் இருந்தது. புதுக் கட்டைதான் போட வேண்டும் என்கிறார் ஒரு தரகர். ஒட்டினால் நிற்காதா?

பதில்: நிற்கும். விரிசல் மர ரேகையின் போக்கிலேயே ஓடியிருந்தால் பழைய கட்டையைக் கழித்துக்கட்டத் தேவையில்லை. ஆனால் பழுது நீங்கும்வரை ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

பின்கட்டையை இரும்போடு பிணைக்கும் நீண்ட போல்ட் தளர்ந்திருந்தால், ஒவ்வொரு வெடியின் பின்னுதைப்பும் கழுத்தைப் பிளக்கும். அதோடு, குழல் மேல்நோக்கியபடி மாதக்கணக்கில் சுவரில் சாத்தி வைத்தால், இரும்பில் பூசிய எண்ணெய் வழிந்து கழுத்து மரத்தில் ஊறி அதை நைந்துபோகச் செய்யும். தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கிகளை வாங்கி அடுக்குகிறவர்களுக்கு அவற்றை எப்படி நிறுத்தி வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கேட்டால் ரசீதைக் காட்டுகிறார்கள்.

எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அசிட்டோனில் குழைத்த சுண்ணக்கட்டித் தூளைப் பூசி, உலர்ந்ததும் தட்டிவிட்டு, எண்ணெய்க் கறை ஏறாத நிலை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகே, மெதுவாக இறுகும் எபாக்சி பசையை விரிசலின் அடிவரை செலுத்தி, சைக்கிள் ட்யூபால் இறுகச் சுற்றி ஒரு நாள் முழுவதும் விட வேண்டும். மேலே வார்னிஷ் அடித்து மறைத்துத் தருவது பழுதுபார்ப்பு ஆகாது.

எனக்குப் பெரிய அச்சம் அந்த போல்ட்டைப் பற்றித்தான். பழைய அமைப்பில் அதன் சதுர முனை, குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டைக்குள் உள்ள தகட்டில் பொருந்தியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் நன்றாக இருந்த முன்கட்டையும் பிளந்துவிடும்; பிறகு தரகர் இரண்டு கட்டைக்கு விலை சொல்வார்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும் என்பதால், ஊர்த் தச்சரிடம் கொடுக்காதீர்கள். நீங்களே கொண்டுபோவது நல்லது. ஒரு விலக்கு உண்டு: உரிமதாரர் உடனிருந்தாலோ எழுத்துமூலம் அதிகாரம் அளித்தாலோ, உரிமமில்லாத ஒருவரும் பழுதுபார்ப்புக்காகத் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்கிறது 3-ஆம் பிரிவு. இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் தரகர்கள் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். வயதான உரிமதாரர் தம் மகனை அனுப்புவது போன்ற தேவைக்குத்தான் அது பயன்பட வேண்டும். அப்போதும் துப்பாக்கி எண், உரிம எண், கடையின் பெயர், போகும் நாள், திரும்பும் நாள் அனைத்தையும் நீங்களே எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து திரும்பப் பெறும்போது, கட்டையைப் பார்ப்பதற்கு முன் இரும்பில் பொறித்த எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.