எங்கள் மருமகள் ஐரிஷ் வம்சாவளி. மார்ச் 17, ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் நாளன்று, வீட்டிலேயே அவர்கள் ஊர்ச் சாப்பாடு செய்ய ஆசை. கார்ன்டு பீஃப் (உப்பில் ஊறவைத்த மாட்டுக்கறி) கிடைக்கவில்லை. ஓவன் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கார்ன்டு பீஃப் கிடைக்காதது நஷ்டமே இல்லை. அது அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர்களின் பழக்கம். ஊரில் உப்பிட்ட பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் சாப்பிட்டவர்கள், நியூயார்க் போன இடத்தில் யூதக் கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த மாட்டு நெஞ்சுக்கறிக்கு மாறினார்கள். பச்சைச் சாயம் போட்ட கேக்கும் வேண்டாம். ஆட்டுக்கறி ஸ்டூ, கோல்கேனன் என்கிற உருளை மசியல், சோடா ரொட்டி, இந்த மூன்றும் போதும். மஞ்சள், மிளகாய், இஞ்சி பூண்டு எதுவும் கிடையாது. நம் கை சும்மா இருக்காது, அதுதான் சிக்கல்.

சோடா ரொட்டியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அயர்லாந்தின் ஈரமான பருவத்தில் விளையும் கோதுமையில் புரதம் குறைவு, ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவாக ஒத்துவராது. 19ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா வந்ததும், வீட்டில் வெண்ணெய் கடைந்து மீந்த மோரோடு அதைச் சேர்த்து ரொட்டி சுட ஆரம்பித்தார்கள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு வரும், ரொட்டி உப்பும்.

மைதா 450 கிராம், ஆப்ப சோடா தலைதட்டி 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், மோர் 350 முதல் 400 மில்லி. பேக்கிங் பவுடர் இல்லை, சோடாதான். மோர் என்றால் தாகத்துக்குக் குடிக்கும் நீர்மோர் உதவாது, அதில் புளிப்பு போதாது. நன்றாகப் புளித்த தயிர் 300 மில்லியில் தண்ணீர் 100 மில்லி விட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

மாவில் கை வைக்கும் முன்பே ஓவன் 230 டிகிரி செல்சியஸில் சூடாகி நிற்க வேண்டும். மோர் பட்ட நொடியிலேயே வாயு கிளம்பிவிடும். மாவைப் பிசைந்து வைத்துவிட்டு ஓவனைப் போட்டால் பாதி வாயு போய், ரொட்டி செங்கல்லாகும். மாவு, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்துச் சலியுங்கள். சோடா கட்டியாக நின்றால் அந்த இடம் மஞ்சள் புள்ளியாகிக் கசக்கும். நடுவில் குழி செய்து மோரை முக்கால்வாசி ஊற்றி, விரல்களை விரித்து வட்டமாக ஒரே போக்கில் கிளறுங்கள். காய்ந்த மாவு மீந்தால் மட்டும் மிச்ச மோர். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் ரொட்டி ரப்பராகிவிடும். ஒன்றுசேர்ந்தால் போதும், சொரசொரப்பாக, லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்கட்டும். 4 செ.மீ. உயரத்தில் வட்டமாகத் தட்டி, மேலே கத்தியால் ஆழமாக ஒரு சிலுவை கீறுங்கள். தேவதைகள் வெளியே போக வழி என்பார்கள். தடித்த நடுப்பகுதியில் சூடு ஏறுவதற்கும் அதுதான் வழி.

230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200க்கு இறக்கி 30 நிமிடம். திருப்பி அடியில் விரலால் தட்டினால் காலிக் குடத்தைத் தட்டிய சத்தம் வர வேண்டும். மேல்தோல் மெத்தென்று வேண்டுமானால் சூட்டோடு துணியில் சுற்றி வையுங்கள். ரொட்டியில் சோப்பு வாடை அடித்தால் சோடா கூடிவிட்டது என்று அர்த்தம். பழுப்பு ரொட்டி வேண்டுமானால் பாதி மைதா, பாதி கோதுமை மாவு, ஒரு கைப்பிடி கோதுமைத் தவிடு. முழுக்க நம் சப்பாத்தி மாவு போட்டால் அது நைஸாக அரைத்தது, பிசுபிசுவென்று கனத்துவிடும். சர்க்கரை, முட்டை, சோம்பு போன்ற வாசனை விதை எல்லாம் இந்த எளிய ரொட்டிக்கு வேண்டாம்.

ஸ்டூவுக்கு எலும்போடு ஆட்டுக் கழுத்துக்கறி 1 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 4, தண்ணீர் ஒரு லிட்டர், தைம் இரண்டு கொத்து, உப்பு, மிளகு. கறியை வதக்க வேண்டாம், இது வெளிர் குழம்பு. பாதி உருளையை மெல்லிசாக அரிந்து அடியில் பரப்புங்கள். அது கரைந்துதான் குழம்பு கெட்டியாகும், மாவு எதுவும் கரைத்து ஊற்றுவதில்லை. மேலே வெங்காயம், கறி, தண்ணீர். கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற தீயில் ஒன்றரை மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிட்டால் கறி இறுகும், கொழுப்பு கலந்து குழம்பு கலங்கலாகும். பிறகு மிச்ச உருளையைப் பெரிய துண்டுகளாக மேலே அடுக்கி இன்னும் 40 நிமிடம். குக்கர்தான் என்றால் கறிக்கும் மெல்லிசு உருளைக்கும் மட்டும் குக்கர், பெரிய துண்டுகளைத் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். இறக்கும்போது பார்ஸ்லி. கேரட் போடலாமா என்று அங்கேயே சண்டை நடக்கிறது. போடாமல் செய்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கோல்கேனன் என்பது உருளை மசியலும் கீரையும். அதற்கு மாவுப்பதமான கிழங்கு வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் கலந்து கிழங்கைப் போடுங்கள். மூழ்குவதை எடுத்துக்கொள்ளுங்கள், மிதப்பதை ஸ்டூவில் மேல்துண்டாகப் போடலாம். 1 கிலோ கிழங்கைத் தோலோடு பச்சைத் தண்ணீரில் போட்டு வேகவைத்து வடித்து, பாத்திரத்தின் மேல் துணி போட்டு ஐந்து நிமிடம் ஈரம் போகவிடுங்கள். சூட்டோடு உரித்து மத்தால் மசியுங்கள். மிக்ஸி கூடவே கூடாது, ஸ்டார்ச் உடைந்து பசையாகிவிடும். பொடியாக அரிந்து வேகவைத்துப் பிழிந்த முட்டைக்கோஸோ கேல் கீரையோ 250 கிராம், வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி போட்டுக் காய்ச்சிய பால் 200 மில்லி. பால் சூடாகவே சேர வேண்டும். உப்பு வெண்ணெய் 100 கிராமில் பாதியைக் கலந்துவிட்டு, மீதியைத் தட்டில் மசியலுக்கு நடுவே குழி செய்து வைத்தால் உருகிக் குளமாக நிற்கும். ஓரத்திலிருந்து எடுத்து அந்த வெண்ணெயில் தொட்டுச் சாப்பிடுவதுதான் முறை. இது முன்பு ஹாலோவீன் (அக்டோபர் 31) இரவுச் சாப்பாடு, உள்ளே மோதிரமும் காசும் ஒளித்து வைப்பார்கள். மார்ச்சில் செய்தால் தப்பில்லை.

நமக்கு மோர்சாதம் போல, உருளையும் மோரும்தான் 1845க்கு முன் அங்கே ஏழைகளின் தினச் சாப்பாடு. அந்த வருடம் வந்த கருகல் நோயில் கிழங்கு அழுகி, தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் அத்தனை பேர் கப்பலேறினார்கள். மருமகளின் முன்னோர் எப்போது போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டால் சுலபம். ஸ்டூவை முதல்நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே உறையும், காலையில் வழித்துப் போட்டுவிடலாம். ரொட்டியை மட்டும் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஆரம்பியுங்கள், மறுநாளுக்கு அது டோஸ்டுக்குத்தான் ஆகும். கோல்கேனன் மீந்தால் மறுநாள் அடை கனத்தில் தட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்கச் சுட்டு, மேலே ஒரு முட்டை உடைத்து ஊற்றிக் கொடுங்கள்.