உள்ளங்கை வியர்வைக்காகச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: வயது 26. சேலம் சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறேன். மாதம் சராசரியாக 9,500 ரூபாய் வரும். வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு வருமானம் இல்லை. சிறுவயதிலிருந்தே இரண்டு உள்ளங்கையிலும் வியர்வை சொட்டுகிறது, இடுக்கி வழுக்குகிறது. தனியார் கிளினிக்கில் பொடாக்ஸ் ஊசிக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஊசி நன்றாகவே கேட்கும். ஆனால் சில மாதங்களுக்குத்தான். பிறகு மறுபடியும் போட வேண்டும். ஆறு மாதம் தாங்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 80,000 ரூபாய். உங்கள் ஆண்டு வருமானமோ 1,14,000. முதல் அடகை மீட்கும் முன்பே அடுத்த ஊசிக்கு நாள் வந்துவிடும்.

முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். தைராய்டு போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்த்துவிட்டு, வழக்கமாக அலுமினியம் குளோரைடு பூச்சிலிருந்துதான் தொடங்குவார்கள். இரவில், ஈரமில்லாத கையில் தடவ வேண்டியது. இதைத் தாண்டாமல் ஊசிக்குப் போவது பணத்தை வீணாக்குவது.

அதற்கு மசியாவிட்டால் அயன்டோபோரசிஸ்: தண்ணீரில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறை. தொடக்கத்தில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடம். மருத்துவமனையில் கருவி இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இருந்தாலும் இலவசம் என்று மயங்க வேண்டாம். மாதம் 25 நாள் வேலை என்றால் உங்களுக்கு அரை நாள் கூலி 190 ரூபாய். மாதம் 12 முறை போனால் 2,280 ரூபாய் கூலி போய்விடும், பஸ் டிக்கெட் தனி. பீஸ் ரேட்டுக்காரர் வரிசையில் நிற்கும் நேரத்தை எந்த இலவசத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே சில வாரம் செய்து பலன் தெரிந்தால், மருத்துவரைக் கேட்டு வீட்டுக்கே கருவி வாங்கலாம். நீங்கள் சொல்லும் 40,000-ஐ விடக் குறைவாகவே கிடைக்கும். அதற்காக மாதம் 1,000 ரூபாய் சேர்க்கத் தொடங்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இந்த ஊசிக்கு அதை நம்ப வேண்டாம். அம்மாவுக்காகவாவது அட்டை கையில் இருக்கட்டும்.

நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையை யாராவது சொன்னால், செலவைக் கேட்கும் முன் வேறொன்றைக் கேளுங்கள். கை உலர்ந்த பிறகு முதுகிலும் மார்பிலும் வியர்வை பெருகுவது பலருக்கு நேர்கிறது. அதைத் திருப்பிச் சரிசெய்வது கடினம்.