பந்திக்குப் போகாத ஞாயிறுகள்

அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் வேலை. என் அப்பா பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து இறந்தார். கடைசி மாதங்களில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ராத்திரி மூன்றாவது தடவையாகப் படுக்கையை நனைத்தபோது, "ஏம்ப்பா இப்படி என் உயிரை எடுக்கீங்க, போய்ச் சேரவும் மாட்டேங்கீங்க" என்று கத்திவிட்டேன். அவரால் பேச முடியாது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் இதை அறிக்கையிட்டு ஜெபிக்கிறேன். கிறிஸ்து எப்பேர்ப்பட்ட பாவியையும் மன்னிப்பார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனால் என்னை மன்னித்தார் என்று என் மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினை, அதாவது தகுதியில்லாமல் வாங்கினால் தண்டனை என்று பயந்து, அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துப் பந்திக்கும் போவதில்லை. ஒரு ஊழியக்காரர், இது பரம்பரைச் சாபம், உபவாசமிருந்து அறுக்க வேண்டும் என்றார். மன்னிக்கப்படாத பாவம் என்று வேதத்தில் இருக்கிறதே, ஒருவேளை அதுதானோ இது?

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருந்தோம். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அடக்கத்துக்கு மறுநாளே அவளை அனுப்பிவிட்டோம். கடைசி மாதச் சம்பளத்தை அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவளுக்கு இருந்த பொறுமைகூடப் பெற்ற மகளுக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நான் மன்னிக்கப்பட்டேன் என்று எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது அந்தத் திருவிருந்து வரிதான். சில மாதங்களாகவே ஆராதனையில் என் கவனம் அங்கேதான் போகிறது. பந்திக்கு வரிசை எழும்பும்போது காலை ஒதுக்கி அடுத்தவருக்கு வழிவிட்டுவிட்டு பெஞ்சிலேயே இருந்துவிடுகிற ஆட்கள். ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நல்லவர்கள். பந்திக்கு முதல் ஆளாகப் போகிற சிலரைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

முதலில் குப்பையைத் தள்ளிவிடுவோம். பரம்பரைச் சாபம் என்று சொன்ன ஆளிடம் இனி போகாதீர்கள். காணிக்கைக் கவரும் கொடுக்காதீர்கள். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்க, தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ராத்திரி தூக்கமில்லாமல் நோயாளியைப் பார்த்தவள் எரிந்து விழுந்ததற்கு உங்கள் பாட்டன் பூட்டனைத் தோண்டுவானேன்? அப்புறம் மன்னிக்கப்படாத பாவம். பேய்களின் தலைவனைக் கொண்டு இவன் பேய்களைத் துரத்துகிறான் என்று, நல்லதைக் கண்ணால் பார்த்தும் சாத்தானின் வேலை என்று சொன்ன வேதபாரகரிடம், அதாவது யூத வேத அறிஞர்களிடம், இயேசு பேசியது அது. அவர்களில் யாரும் தூக்கம் கெட்டு அழுததாகச் சுவிசேஷம் எழுதிய மாற்கு எழுதவில்லை. அதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள் என்றாலே அது உங்களிடம் இல்லை. போதும்.

நிச்சயம் எப்படி என்று கேட்கிறீர்கள். மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்கிறீர்கள். உங்கள் மனசிடம் யார் கேட்டார்கள்? யோவான் தன் முதல் நிருபத்தில் எழுதுகிறார்: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." அந்த ராத்திரி நீங்கள் கத்தியதை அறிந்திருக்கிறார். அதற்கு முந்தின இரண்டு வருஷத்தையும் அறிந்திருக்கிறார். நீங்கள் கத்தியது பாவமே இல்லை, வெறும் களைப்புத்தான் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பேச முடியாத மனுஷனிடம் அப்படிச் சொன்னது பாவம்தான். முதல் நாள் அறிக்கையிட்டபோதே அது மன்னிக்கப்பட்டது. அடுத்த நாளிலிருந்து நீங்கள் செய்வது என்ன? கட்டி முடித்த கடனுக்கு தினமும் காலையில் வங்கி வாசலில் போய் நிற்கிற வேலை.

கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து நாலு பேர், கைகால் விளங்காத ஒரு திமிர்வாதக்காரனை இயேசுவுக்கு முன்னால் இறக்கினார்களே, அவன் வாயைத் திறந்ததாக மாற்கில் ஒரு வார்த்தையும் இல்லை. "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது. தூக்கி வந்தவர்களையும் பார்த்துவிட்டுத்தான், "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்றார். உங்களால் இப்போது நம்ப முடியவில்லை என்றால் பரவாயில்லை. ஐயர், அதாவது சபைப் போதகர், பாவமன்னிப்பு கூறும்போது உங்களைச் சுற்றி நிற்கிற ஐம்பது நூறு பேர் நம்புகிறார்களே, அவர்கள் தூக்கட்டும்.

சரி, இப்போது பந்தி. உங்களை மிரட்டுகிற அந்த வசனம் 1 கொரிந்தியர் 11இல் இருக்கிறது. அதை வைத்து நம் ஊரில் பயமுறுத்தாத பிரசங்கியார் குறைவு. ஆனால் ஏழெட்டு வசனம் மேலே போய் வாசிக்கிறவர்கள் அதிலும் குறைவு. கொரிந்துவில் என்ன நடந்தது? வசதியுள்ளவர்கள் முன்னாடியே வந்து சாப்பிட்டுக் குடித்து முடித்துவிட்டார்கள். கூலி வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று அந்தச் சபைக்குப் பவுல் எரிச்சலோடு எழுதுகிறார். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். அபாத்திரமாய்ப் புசிப்பது என்ற பேச்சே அதைத் தொடர்ந்துதான் வருகிறது. முடிக்கும்போது சொல்லும் பரிகாரமும் சின்னது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். நடுவில் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று இருக்கிறது, உண்மை. சோதித்தறிந்து என்ன செய்ய வேண்டுமாம்? "இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று எழுதவில்லை.

எங்கள் பெரியாச்சி, அதாவது என் ஆச்சியின் அக்கா, நாசரேத்துப் பக்கம் தேரிக்காட்டுக் கிராமத்தில் இருந்தாள். திருவிருந்து ஞாயிறு என்றால் வெள்ளைச் சேலை கட்டி, முதல் மணிக்கே கோயிலில் இருப்பாள். பாமாலை எல்லாம் புத்தகம் இல்லாமல் பாடுவாள். பந்திக்கு மட்டும் எழும்ப மாட்டாள். முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி எங்களை விடுவாள். காரணம் ஊருக்கே தெரியும். ஒரு பனைவிளைத் தகராறில் கூடப்பிறந்த தங்கச்சி ஒருத்தியிடம், "உன் வாசலில் மண் விழ" என்று சொல்லிவிட்டாள். சமாதானம் ஆவதற்குள் அந்தத் தங்கச்சி போய்விட்டாள். அதைச் சொல்லி அழாத நாள் கிடையாது. ஐயர்மார் எத்தனையோ பேர் வந்து பேசியும் அசையவில்லை.

அதே பெரியாச்சி வீட்டில், தொழுவச் சுவர்மேல் ஒரு அலுமினியப் போணி கவிழ்த்தியிருக்கும். வாய் ஒரு பக்கம் நெளிந்தது. தொழுவம் கூட்ட வருகிற அம்மாவுக்கு அதில்தான் கருப்பட்டிக் காப்பி. மேலேயிருந்து ஊற்றுவாள், செம்பு போணியில் படாமல். குடித்து முடித்ததும் அந்த அம்மாவே கழுவி அதே இடத்தில் கவிழ்த்திவிட்டுப் போவாள். அவளும் அதே சபைதான். அதே ஞானஸ்நானம், அதே கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலை. பந்திக்குக் கடைசி வரிசையில் வருவாள். பெரியாச்சி எழும்பியிருந்தால் இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் குடித்திருக்க வேண்டும். அதுதான் நிஜக் காரணமோ என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றியதுண்டு. இல்லை, பெரியாச்சியின் அழுகை பொய்யில்லை. ஆனால் அந்தப் போணியைப் பற்றி அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அது பாவக் கணக்கிலேயே வரவில்லை. இத்தனைக்கும் 1 கொரிந்தியர் 11 அவளுக்கு மனப்பாடம்.

பெரியாச்சி மட்டுமா? கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வித்தியாசம் இனி கூடாது என்று தென்னிந்திய மிஷன் சபைகளுக்கு எழுதினார். அதற்கு முன்பு உட்காரும் இடமும் திருவிருந்துக்கு வரும் வரிசையும் சாதிப்படிதான். கடிதம் வந்ததும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எத்தனையோ குடும்பங்கள் சபையை விட்டே வெளியேறின. வெள்ளைக்கார பிஷப்புக்கு நம் ஆசாரம் என்ன தெரியும் என்பது அவர்கள் வாதம். வெள்ளைக்காரர்கள் யோக்கியமா என்பது வேறு பேச்சு, அதை இங்கே எடுக்கவில்லை. வெளியேறியவர்களும் ஞாயிறுதோறும் பாவ அறிக்கை சொன்னவர்கள்தான். பழைய ஜெபபுத்தகத்தின் காலை ஆராதனையில், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்பது முதலில் வரும், செய்யக்கூடாததைச் செய்தோம் என்பது அப்புறம்தான். முதல் பாதியைச் சொல்லும்போது நமக்கு மூச்சு வாங்குவதே இல்லை.

கிருபையைப் பற்றி உலகமே பாடுகிற பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் கதையை ஞாயிறு பள்ளியில் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். 1748இல் கப்பல் புயலில் மாட்டியது, கர்த்தரைக் கூப்பிட்டார், மனந்திரும்பினார், அடிமை வியாபாரத்தை விட்டார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அப்படி நடக்கவில்லை. அந்தப் புயலோடு அவர் விட்டது கெட்ட வார்த்தை. அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்கே கேப்டனானார். 1750க்கும் 1754க்கும் நடுவில் மூன்று பயணம். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார், அவர் காலுக்குக் கீழே கப்பலின் அடித்தளத்தில் மனுஷர்களைச் சங்கிலி போட்டு அடுக்கியிருந்தது. கடலை விட்டதும் மனசாட்சி குத்தியதால் இல்லை, உடம்பு முடியாமல் போனது. பிறகு குருவானவர் ஆனார், பாட்டெழுதினார், பேர் வாங்கினார். அடிமை வியாபாரத்தைப் பற்றித் தான் செய்ததையும் பார்த்ததையும் வெளிப்படையாக அச்சில் எழுதியது 1788இல்தான். அதற்கப்புறம் பாராளுமன்றத்திலும் சாட்சி சொன்னார். பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடை செய்த 1807ஆம் வருஷமே, டிசம்பரில், இறந்தார்.

கடலை விட்டபிறகு முப்பத்துநாலு வருஷம் பிடித்திருக்கிறது. இதற்காக நியூட்டனைத் திட்டுவது சுலபம், நானே திட்டியிருக்கிறேன். ஆனால் அறுபது தாண்டிய வயதில் ஒரு மனுஷன் தன் பேரைப் போட்டு அதை எழுதத் துணிந்தது எப்படி? கிறிஸ்து தன்னைத் தள்ளமாட்டார் என்று அதற்குள் அவருக்கு நிச்சயம் வந்துவிட்டது. அந்த நிச்சயம் இல்லாதவன் கப்பலின் அடித்தளத்தை எட்டிப் பார்க்கவே மாட்டான். பார்த்தால் செத்துப்போவான். கெட்ட வார்த்தையைப் பற்றியே அழுதுகொண்டிருப்பான், அது பத்திரமான அழுகை. எங்கள் பெரியாச்சிக்கு அந்த நிச்சயத்தை யாராவது கொடுத்திருந்தால் தொழுவச் சுவர் அவள் கண்ணில் பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

தங்கச்சி, கோபப்படக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்பாவிடம் கத்திய அந்த ஒரு ராத்திரிக்கு அத்தனை வரி. அவரைக் கழுவித் துடைத்த பெண்ணின் சம்பளத்துக்கு ஒரு வரி, அதுவும் அண்ணன் தலையில். அண்ணன் கொடுத்தாரா? கேட்டீர்களா? அடக்கத்துக்கு மறுநாள் அந்தப் பெண் தன் துணிப்பையோடு பஸ் ஏறியபோது கையில் என்ன இருந்தது? அவளுடைய பொறுமையை உங்களை அடித்துக்கொள்ள ஒரு கம்பாக எடுத்திருக்கிறீர்கள். அவள் கூலி உங்கள் நினைவுக்கு வரவில்லை. யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. அதைப் பரம்பரைச் சாபக்காரர் உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்.

அதைக் கொடுத்தால்தான் மன்னிப்பு என்று நான் சொல்லவில்லை, அந்தப் பயத்தை வேறு பிடித்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு திருப்பிக் கொடுப்பாய் என்று விசாரித்துவிட்டு இயேசு, மரத்தில் ஏறியிருந்த வரி வசூல்காரன் சகேயுவின் வீட்டுக்குப் போகவில்லை. இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். நாலு மடங்கு கணக்கு அவனாகச் சொன்னது. அவர் வீட்டுக்குள் வந்தபிறகு பழைய நோட்டை எடுத்துப் பார்க்க அவனுக்குப் பயம் இல்லை.

வருகிற திருவிருந்து ஞாயிறு, மனசு ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் எழும்பிப் போங்கள். கையை நீட்டினால் போதும். போனீர்களா என்று எனக்கு எழுத வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் கையில் பணம் போய்ச் சேர்ந்ததா என்று எழுதுங்கள். அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், முடிந்தால் அவள் வீட்டில் ஒரு காப்பியும் குடித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி