லிப்டன் சீட்டில் இருந்து கடல் தெரியுமா?

கேள்வி: அட்டனில் இருந்து குடும்பமாக அப்புத்தளைக்குப் போகிறோம். அம்மாவுக்கு 61 வயது, மகனுக்கு 9. அங்குள்ள லிப்டன் சீட் என்ற மலையுச்சியில் நின்றால் தெற்குக் கடல் தெரியும் என்கிறார்கள். ஆனால் போய்வந்த சொந்தக்காரர்கள் மூட்டத்தைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லையாம். எப்போது போவது, எவ்வளவு நடக்க வேண்டும்?

பதில்: தெரியும். உங்கள் சொந்தக்காரர்கள் அநேகமாக 10 மணிக்கு மேல் உச்சியில் நின்றிருப்பார்கள்.

லிப்டன் சீட் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,970 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் அடிவானம் 150 கி.மீ.க்கும் அப்பால் இருக்கும். அம்பாந்தோட்டைக் கரையோ நேர்கோட்டில் 75 கி.மீ. சுற்றுதான். ஆகவே தூரம் ஒரு தடையே இல்லை. காற்றில் இருக்கும் ஈரமும் தூசியும்தான் கண்ணை மறைக்கின்றன. வெயில் ஏற ஏறத் தெற்குச் சரிவு சூடாகும். சூடான காற்று பள்ளத்தில் இருந்து சரிவோடு மேலே வரும், வரும்போதே குளிர்ந்து முகிலாகும். அப்புத்தளை முகடு அந்த முகிலின் வாசலிலேயே இருக்கிறது. 9 மணிக்குப் பிறகு மூட்டம் கூடிவிடும், பல நாட்களில் அதற்கும் முன்பே. எனவே திட்டத்தைப் பின்னால் இருந்து போடுங்கள்: 6 மணிக்கு உச்சியில் நிற்க வேண்டும், அதற்கு எத்தனை மணிக்குப் புறப்படுவது?

அட்டனில் இருந்து அன்றே போய்த் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் நாள் இரவு அப்புத்தளையில் தங்குவதுதான் சரி. டவுனில் இருந்து தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை சுமார் 10 கி.மீ.; 1890இல் தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 7 கி.மீ., தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய ரோடு. பஸ்ஸில் தொழிற்சாலை வரை போய் 7 மணிக்கு ஏறத் தொடங்கினீர்கள் என்று வையுங்கள்: சிறுபிள்ளையும் வயதானவரும் ஏற்றத்தில் மணிக்கு 3 கி.மீ. போனாலே நல்ல வேகம், 9.30 ஆகிவிடும். போன காரியம் கெட்டது.

எங்கள் யோசனை, ஏற ஆட்டோ, இறங்க நடை. முதல் நாள் மாலையே ஆட்டோக்காரரிடம் உச்சி வரை என்று தெளிவாகச் சொல்லி விலை பேசுங்கள். சிலர் தொழிற்சாலைக் கணக்கில் பேசிவிட்டு அங்கே நிறுத்துவார்கள். 4.45க்குப் புறப்பட்டால் விடியுமுன் சேரலாம். மூன்று பேருக்கு மேல் என்றால் இரண்டு ஆட்டோ, ஏற்றம் அப்படி. மேலே நுழைவுக்குச் சிறு தொகை வாங்குவார்கள், சில்லறை வைத்திருங்கள். டீயும் ரொட்டியும் விற்கும் கடை உண்டு, ஆனால் விடியற்காலையில் அதை நம்பாமல் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் போதும்.

கரையைவிட அங்கே 12, 13 டிகிரி குளிர் கூட, காற்று வேறு. காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் ஒன்று இரண்டு ஸ்வெட்டருக்குச் சமம். கிழக்கே வெளுக்கும்போது தெற்கைப் பாருங்கள்: முதலில் உடவளவை நீர்த்தேக்கம் தகடுபோல் மின்னும், அதற்கும் அப்பால் அடிவானத்தில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு. அதுதான் கடல். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் அந்தக் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும்.

மாதம் எது? தை கடைசி முதல் பங்குனி வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அப்புத்தளை இருக்கும் ஊவாவில் மழை குறைவு; கச்சான் காற்று வீசும் அந்தக் காலத்துக் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலை பேர்போனது. அதனால் பலரும் அப்போது போகிறார்கள். ஆனால் தாழ்நிலத்துத் தூசியும் சேனைப் பயிருக்காகக் காடு எரிக்கும் புகையும் கடலை மறைத்துவிடும். மாலையில் மழை பெய்து இரவில் வானம் வெளுத்தால், மறுநாள் காலையைத் தவறவிடாதீர்கள். மழை காற்றைக் கழுவிவிட்டிருக்கும். ஒக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத் தொழிலாளர் லயங்களைப் புதைத்த மண்சரிவு இதே தெற்குச் சரிவில்தான் நடந்தது. பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 117இல் இடர் முகாமைத்துவ நிலையத்திடம் கேட்கலாம்.

இறக்கம் 7 கி.மீ., இரண்டு மணி நேரம். நுரையீரலுக்குச் சுகம், முழங்காலுக்கு வேலை. அம்மாவுக்கு ஒரு தடி கொடுங்கள், எட்டு வைத்து நடக்காமல் சின்னச் சின்ன அடியாக வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அதே ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்வதில் வெட்கம் இல்லை. குறுக்குப் பாதைகள் ஆசை காட்டும். கவ்வாத்து வெட்டிய குச்சிகளும் புல் மூடிய கான்களும் அங்கேதான், கணுக்கால் சுளுக்குவதும் அங்கேதான். ரோட்டை விடாதீர்கள். வழி கேட்கத் தயங்கவும் வேண்டாம். மலையில் இருப்பவர்கள் நம் ஆட்கள். ஆனால் கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

ஈரமான நாளில் அட்டை ஏறும். காலுறையில் சவர்க்காரத்தைக் காயவே தேய்த்து, காற்சட்டையின் முனையை அதற்குள் செருகிவிடுங்கள். அட்டை கடித்தால் அரிப்புத்தான், குளவி அப்படியல்ல. சென்ட் பூசாதீர்கள், மகன் மரத்துக்குக் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டமாகக் கிளம்பினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். நின்று கையை வீசினால் இன்னும் வரும். கொட்டியபின் தலைசுற்றலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே 1990இல் அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

உச்சிக்குப் போயும் மூட்டமாகவே இருந்தால்? 8.30 வரை காத்திருங்கள். காற்று அடித்தால் ஐந்து நிமிடத்தில் திறக்கும், அடுத்த ஐந்து நிமிடத்தில் மூடும். கேமராவைப் பைக்குள் வைக்காதீர்கள். அதற்குப் பிறகும் திறக்கவில்லை என்றால் டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிடுங்கள்.